வீச்சுவலைக்கு வீட்டில் ஈயம் வார்த்தல்: நந்திக்கடல் கரையில் ஒரு நிகழ்வு ஆய்வு

நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் என்று முல்லைத்தீவுப் பக்கத்துக் களப்புகளில் வீச்சுவலை வீசுகிறவருக்கு வலை கிழிந்தால் பெரிய கவலை இல்லை. ஊசியும் நூலும் இருந்தால் இருந்த இடத்திலேயே பொத்திவிடலாம். ஈயம் போனால்தான் கை கடிக்கும். முருகைக் கல்லிலும் கண்டல் வேரிலும் மாட்டி இழுக்கும்போது மணிமணியாகக் கழன்று சேற்றுக்குள் போய்விடும். கடையில் வாங்கிக் கோப்பதைவிட வீட்டில் உருக்கி வார்த்தால் மலிவு என்ற எண்ணம் அங்கேதான் தொடங்குகிறது. மலிவு என்பது உண்மைதான். ஆனால் வார்ப்பில் எது ஆபத்து என்று ஆட்கள் நினைக்கிறார்களோ அது வேறு, உண்மையில் ஆளை அடிப்பது வேறு. உருகிய ஈயத்துக்கு எல்லோரும் பயப்படுகிறார்கள். ஈரத்துக்கும் சாம்பல் நிறத் தூசிக்கும் யாரும் பயப்படுவதில்லை.

இந்த ஆய்வில் வரும் வீடு ஒரு மாதிரி வீடு. கரையோர வளவுகளில் இந்த வேலை தொடங்கும்போது வழமையாக நடப்பவற்றை ஒரே வீட்டில், ஒரே வரிசையில் வைத்துப் பார்க்கிறோம். அளவுகளும் வெப்பநிலைகளும் மட்டும் மாதிரியல்ல, அப்படியே எடுத்துப் பயன்படுத்தலாம்.

துவக்கு ரவைக்கும் இதே உலோகம்தானே, இதே சட்டிதானே என்று கேட்பவர்கள் உண்டு. உரிமமில்லாமல் ரவை செய்வது இலங்கையில் குற்றம். இங்கே பேசுவது வலை ஈயம் மட்டும்.

வீடும் தேவையும்

களப்பின் மேற்குக் கரையில் ஒரு வீடு. வீட்டுக்காரர் இறாலுக்கும் மணலை மீனுக்கும் வலை வீசுகிறவர். மனைவியின் தம்பி வெல்டிங் கடையில் வேலை செய்கிறார். வீட்டில் ஒரு அம்மம்மா, மூன்று வயதுப் பிள்ளை, பத்துப் பன்னிரண்டு கோழி. புதிதாகப் பின்னிய வலை ஒன்றுக்கு ஈயம் வேண்டும்.

வலையின் ஆரை இரண்டரை மீற்றர். அப்படியானால் விளிம்பின் சுற்றளவு 15.7 மீற்றர். களப்புக்கு இந்த அளவு வலையில் நாலு கிலோவை ஒட்டி ஈயம் இருந்தால் விளிம்பு சமமாக இறங்கும். குறைந்தால் மீன் அடியால் நழுவும், கூடினால் வீசுகிறவரின் தோள் சொல்லும். மணி ஒன்று 20 மில்லிமீற்றர் நீளம், 8 மில்லிமீற்றர் விட்டம், நடுவில் 3.2 மில்லிமீற்றர் துளை என்று வைத்தால் எடை ஒன்பதரைக் கிராம் வரும். ஈயத்தின் அடர்த்தி கன சென்ரிமீற்றருக்கு 11.34 கிராம் என்பதை வைத்துப் போட்ட கணக்கு இது. நானூறு மணி கோத்தால் 3.8 கிலோ. மணிக்கும் மணிக்கும் நடுவே இரண்டு சென்ரிமீற்றர் இடைவெளி கிடைக்கும்.

நானூறு மணிக்கு நாலு கிலோ உருக்கினால் போதாது. மேலே படியும் கசடாகக் கொஞ்சம் போகும். சட்டியின் அடியில் கொஞ்சம் எப்போதும் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் அகப்பை மொள்ளாது. ஐந்து கிலோ எடுத்துக்கொள்வது சரி. ஐந்து கிலோ என்றதும் பெரிய சட்டி தேடத் தேவையில்லை. உருகினால் அது அரை லீற்றர்கூட வராது.

ஒரேயொரு வலைதான், இனி வார்க்கும் எண்ணமில்லை என்பவர் உருக்காமலே முடிக்கலாம். இரண்டு மில்லிமீற்றர் ஈயத் தகட்டைக் கீலமாக வெட்டிக் கயிற்றில் சுற்றிக் குறட்டால் நெரித்தால் வேலை முடிந்தது. அழகிராது, ஆனால் அடுப்பும் வேண்டாம், ஆவியும் வேண்டாம்.

ஈயம் எங்கிருந்து வந்தது

வீட்டில் நாலு வகை சேர்ந்தது. பழைய வலையொன்றிலிருந்து கழற்றிய மணிகள் இரண்டரைக் கிலோ. டயர் கடையில் வாங்கிய சில்லு பலன்ஸ் கட்டைகள் (சில்லு ஆடாமல் ஓட அதன் விளிம்பில் பூட்டும் சிறு எடைகள்) இரண்டு கிலோ. அயலில் கிடந்த பழைய லொறிப் பற்றரி ஒன்று. மண்ணுக்குள்ளிருந்து பொறுக்கியவை என்று பக்கத்து வளவுப் பெடியன் கொண்டுவந்த அரை வாளி ரவைகள்.

கடைசி இரண்டும் சட்டிக்குள் போகக்கூடாதவை. வன்னியில் இந்த இரண்டும் இலவசமாகக் கைக்கு வருகின்றன என்பதால் காரணத்தை விரித்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

மண்ணுக்குள் கிடந்த ரவைகளில் எது வெறும் ஈயம், எது அல்ல என்று கறல் பிடித்த பிறகு கண்ணால் பிரிக்க முடியாது. சிலவற்றின் பின்புறத்தில் வழிகாட்டி வெளிச்சத்துக்கான எரிமருந்து இருக்கும். கனரகத் துவக்கின் ரவைகள் சிலவற்றுக்குள் தீமூட்டும் மருந்து இருக்கும். சேறு அப்பிய முழுத் தோட்டாவும் ரவைபோலத்தான் தெரியும். இவற்றில் ஒன்று சூடான சட்டிக்குள் போனால் வெடிப்பது அது மட்டுமல்ல, சட்டியில் இருக்கும் ஐந்து கிலோ ஈயமும் சேர்ந்து மேலே வரும். அதைவிட முதலில் கெடுவது பொறுக்கப் போகும் பிள்ளை. 2009இல் போர் முடிந்த நிலப்பரப்பில் இன்னும் கண்ணிவெடி அகற்றும் வேலை நடக்கிறது. இரும்பு பொறுக்கப் போய்க் கை கால் இழந்தவர்களை வன்னியில் யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வாளியை நிலத்தில் வைத்துவிட்டு, தொடாமல், பொலிசுக்கோ அந்தப் பகுதியில் வேலை செய்யும் கண்ணிவெடி அகற்றும் அணிக்கோ சொல்லவேண்டும்.

பற்றரியின் கதை வேறு. உள்ளே இருக்கும் தட்டுகளில் பெரும்பகுதி ஈயமல்ல, ஈய ஒட்சைட்டும் ஈய சல்பேற்றும். அது உருகாது, தூளாகப் பறக்கும். கந்தக அமிலம் ஊறியிருக்கும். இப்போதைய பற்றரித் தட்டுகளில் கல்சியமும், பழையவற்றில் அந்திமனியும் ஆசனிக்கும் இருக்கும். இவை கலந்த கசடில் ஈரம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். பற்றரியை உடைக்காமல் முழுதாகப் பழைய இரும்புக்காரரிடம் விற்று, அந்தக் காசுக்கு ஈயக் கட்டி வாங்குவதுதான் கணக்குக்கும் சரி.

இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. செனகல் நாட்டின் தலைநகர் டக்கார் அருகே தியாரோய்-சுர்-மேர் என்ற மீன்பிடி ஊரில் பற்றரியிலிருந்து ஈயம் எடுத்து வலைக்குக் கட்டைகள் செய்துவந்தார்கள். மண்ணில் ஈயத்தூள் சேர்ந்தது. ஈயத்துக்கு விலை ஏறியதும் அந்த மண்ணை அள்ளி வீட்டுக்குள் வைத்துச் சலித்தார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அந்த ஊரில் 18 பிள்ளைகள் இறந்தார்கள். ஒருவரும் சூடு பட்டு இறக்கவில்லை.

மீதி இரண்டும் நல்லவை. பழைய வலை மணி மிகத் திறம். பெரும்பாலும் மெல்லீயம், நகத்தால் கீறினால் கோடு விழும். கடலட்டை பிடிப்பவர்கள் இடுப்பில் கட்டும் பழைய சுழியோடிக் கட்டைகளும் அப்படித்தான். டயர் கடைக் கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிரிக்கவேண்டும். அது ஏன் என்று பின்னால் பார்ப்போம்.

முதல் வார்ப்பு: என்ன நடந்தது

சட்டியாக எடுத்தது சமையலில் ஓய்வு பெற்ற அலுமினியச் சட்டி. அடுப்பு மூன்று கல், பனைமட்டையும் விறகும். அச்சு களிமண்ணில் விரலால் துளைத்த குழிகள், இரண்டு நாள் வெயிலில் காய்ந்தவை. இடம் கிடுகுக் கொட்டிலின் தாழ்வாரம். வார்த்தவர் சாரமும் செருப்பும். மாதம் கார்த்திகை.

இந்த ஆறில் ஒவ்வொன்றும் தனியாகவே ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போதும்.

ஈயம் 327 பாகை செல்சியசில் உருகும். அலுமினியம் 660இல்தான் உருகும் என்று கணக்குப் பார்த்துச் சிலர் துணிகிறார்கள். ஆனால் 400 பாகையிலேயே அலுமினியம் தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். விறகுத் தணலில் சட்டியின் அடி அதையும் தாண்டும். ஐந்து கிலோ பாரத்தோடு தூக்கும்போது பிடி கழன்று வரும் அல்லது அடி தொய்யும். இந்த வீட்டில் சட்டி தப்பியது, அச்சு தப்பவில்லை. வெயிலில் இரண்டு நாள் காய்ந்த களிமண்ணின் தோல்தான் காய்ந்திருந்தது. இரண்டாவது குழியில் ஈயம் விழுந்ததும் உள்ளிருந்த ஈரம் ஆவியானது. நீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 1,700 மடங்கு விரியும். அதற்கு வெளியே போக வழி ஈயத்தின் ஊடாக மட்டும்தான். குழியில் ஊற்றியது அப்படியே மேலே எகிறி வார்த்தவரின் முழங்காலிலும் புறங்காலிலும் துளித்துளியாக ஒட்டியது.

சூடு பட்டவுடன் கிணற்றுத் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிட்டு ஊற்றினார்கள். அது சரியான வேலை. ஒட்டிய துளியைப் பிய்க்கப் போனது பிழை, தோலும் சேர்ந்து வந்தது. ஒட்டியதை ஒட்டியபடியே விட்டு, தண்ணீரால் ஆற்றி, சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும். பற்பசை, தேங்காயெண்ணெய், மை எதுவும் வேண்டாம். கண்ணில் பட்டால் ஒரு நிமிடமும் வீட்டில் நிற்காமல் 1990 அம்புலன்சை அழைக்கவேண்டும்.

ஈரம் வரும் வழிகள் இந்த ஒன்று மட்டுமல்ல. உருகி நிற்கும் சட்டிக்குள் புதிதாக ஒரு ஈயத்துண்டைப் போடுவதுதான் மிக வழமையான பிழை. பழைய வலை மணியின் துளைக்குள் நூல் துணுக்கும் உப்பும் இருக்கும். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் உள்ளே காய்ந்திராது. ஆகவே எல்லா ஈயமும் அடுப்பு மூட்டுவதற்கு முன்பே, குளிர்ந்த சட்டிக்குள் இருக்கவேண்டும். பிறகு சேர்க்கவேண்டுமானால் சட்டியின் விளிம்பில் சாய்த்துவைத்து நன்றாகச் சுட்ட பிறகு, அகப்பையால் தாழ்த்தி விடவேண்டும். அகப்பையும் அப்படித்தான்: பச்சையாக முக்கினால் சீறும். களப்புக் கரை மணலை அடியில் பரப்பினால் பாதுகாப்பு என்று நினைப்பார்கள். அதிலும் உப்பு இருக்கிறது. சீமெந்துத் தரையில் ஈயம் கொட்டினால் தரைக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகிச் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நெற்றி வியர்வை ஒரு துளி, தாழ்வாரத்துக் கிடுகில் தங்கிய மழை ஒரு துளி, இவையும் போதும்.

எனவே வன்னியில் இந்த வேலைக்கு மாரி ஒத்துவராது. சித்திரை கழிந்து நிலம் காய்ந்த காலமே நல்லது. ஆனால் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று விழுந்தால் அடுப்பையும் ஆற்றும், தூசியையும் வீட்டுக்குள் கொண்டுபோகும். காற்று எழும்ப முன், விடிந்த கையோடு தொடங்கி வெயில் ஏற முன் முடிப்பதுதான் தோது.

இரண்டாவது தடவை: சட்டி, அடுப்பு, அச்சு

தம்பி வெல்டிங் கடையில் நாலு அங்குல இரும்புக் குழாயில் ஒரு சாண் வெட்டி, அடியில் ஆறு மில்லிமீற்றர் தகடு வைத்து ஒட்டினார். தண்ணீர் ஊற்றிக் கசிவு பார்த்தார். பிறகு அதை அடுப்பில் வைத்து நன்றாகச் சுட்டுக் காயவைத்தார். அந்தக் கடைசி வேலையை மறந்தால் முதல் வேலையே ஆபத்தாகிவிடும். ஆழமான, வாய் ஒடுங்கிய சட்டி தாச்சியைவிட மேல். தாச்சியில் காற்றுப் படும் பரப்பு கூட, கசடும் கூட. அகப்பைக்குத் துருப்பிடிக்காத இரும்பில் ஒன்று, பிடி ஆணி அடித்ததாகவோ வெல்ட் செய்ததாகவோ இருக்கவேண்டும். ஈயப்பற்று வைத்த பிடி நடுவழியில் கழன்றுவிடும். சட்டியும் அகப்பையும் இனி ஒருநாளும் குசினிக்குள் போகக்கூடாது.

அடுப்புக்குக் காஸ். விறகும் சிரட்டைக்கரியும் ஈயத்தை உருக்கும்தான், ஆனால் சூட்டைப் பிடித்து நிறுத்த முடியாது. காஸ் அடுப்பின் கால்கள் பாரத்தைத் தாங்குமா என்று முதலில் செங்கல் வைத்துப் பார்க்கவேண்டும். அடுப்புக்குக் கீழே சூடாக்கி உலர்த்திய இரும்புத் தட்டு ஒன்று இருந்தால் சிந்துவது அதிலேயே நிற்கும்.

அச்சு இந்த வேலையின் உயிர். 20 மில்லிமீற்றர் தடிப்பு, 25 அகலம், 150 நீளத்தில் இரண்டு அலுமினியக் கட்டைகள். முகத்தோடு முகம் வைத்து இறுக்கி, இரண்டும் சந்திக்கும் கோட்டில் 22 மில்லிமீற்றருக்கு ஒன்றாக ஆறு புள்ளி குத்தவேண்டும். கட்டைகளுக்கு அடியில் ஒரு இரும்புப் பட்டையை வைத்து மூன்றையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, முதலில் 3.2 மில்லிமீற்றர் துளையை மேலிருந்து பட்டை வரை ஒரே குத்தாகப் போடவேண்டும். பிறகு பட்டையைக் கழற்றிவிட்டு, கட்டையில் இருக்கும் துளையை மட்டும் 8 மில்லிமீற்றராக அகட்டவேண்டும். இப்படிச் செய்தால் நடுக்கம்பி தானாகவே குழியின் நடுவில் நிற்கும். இரண்டையும் தனித்தனியாக அளந்து துளைத்தவர்களின் மணி ஒருபக்கம் தடித்தும் ஒருபக்கம் மெலிந்தும்தான் வரும்.

நடுக்கம்பிக்கு வெல்டிங் குச்சியின் மேல் மருந்தைத் தட்டிவிட்டு உள்கம்பியை எடுக்கலாம். பட்டையில் இறுக்கி நட்டு, மேல்முனையை அரத்தாளால் சற்று மெலியத் தேய்க்கவேண்டும். ஈயம் இறுகும்போது சுருங்கிக் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். மெலிவு இல்லாவிட்டால் மணியைக் கழற்றக் குறடும் உடையும், பொறுமையும் உடையும். கம்பியில் பென்சில் கரியை நன்றாகத் தேய்த்துவிடுவது நல்ல பழக்கம். கட்டைகளில் துளையிட்ட எண்ணெய் மிச்சமிருந்தால் மணியில் குமிழ் விழும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, வெயிலில் வைத்து, பிறகு சூட்டில் வைத்து உலர்த்தி, குப்பி விளக்கின் புகையில் குழிகளைக் கறுக்கவைத்தால் ஈயம் ஒட்டாமல் வழுக்கி வரும்.

உடுப்பு: தடித்த பருத்தியில் நீளக் கால்சட்டை, முழுக்கைச் சட்டை, தோல் சப்பாத்து. கால்சட்டையின் கீழ்விளிம்பு சப்பாத்துக்கு வெளியே விழவேண்டும், உள்ளே செருகினால் துளி உள்ளே போய்த் தங்கும். வெல்டிங் கையுறை, முகத்தை முழுவதும் மறைக்கும் கண்ணாடி மறைப்பு. நைலோன் துணி உருகித் தோலோடு ஒட்டும்.

சூடு

வார்ப்புக்கு 360 முதல் 400 பாகை போதும். வெப்பமானி இல்லாதவர் ஈயத்தின் முகத்தைப் பார்க்கலாம். கசடை ஒதுக்கியதும் வெள்ளிபோல் மின்னிக் கொஞ்சநேரம் அப்படியே நின்றால் சரி. ஒதுக்கிய கையோடு மஞ்சள், நீலம், ஊதா என்று படலம் ஓடினால் சூடு மிஞ்சிவிட்டது. நன்றாகக் காய்ந்த ஈர்க்கை முகத்தில் தொட்டால் கருகவேண்டும், தீப்பிடிக்கக் கூடாது. சட்டியின் அடி சிவக்கத் தொடங்கினால் உடனே காஸை மூடவேண்டும். 500 பாகையை நெருங்க நெருங்க ஈயப்புகை கூடிக்கொண்டு போகும், அது கண்ணுக்குத் தெரியாது.

“மச்சான், நெருப்பைக் குறை, நிறம் ஓடுது” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் கசடைத் தள்ளவேண்டும். இரண்டு பேர் வேலை இது. ஒருவர் வார்க்க, ஒருவர் அச்சைத் திறந்து மூட. மூன்றாவது ஆள், வேடிக்கை பார்க்கும் ஆள், பிள்ளை, நாய், கோழி எதுவும் அந்தப் பக்கம் வரக்கூடாது. காற்று முதுகுப்பக்கமிருந்து வரும்படி நிற்கவேண்டும்.

ஈயம் உருகியதும் அவரைவிதை அளவு மெழுகுதிரித் துண்டைப் போட்டுக் கிளறவேண்டும். குபீரென்று புகையும், தீயும் பிடிக்கும். அதை எதிர்பார்த்து முகத்தைத் தள்ளி வைத்திருக்கவேண்டும். மெழுகின் கரி, மேலே படிந்த ஒட்சைட்டில் ஒரு பகுதியைத் திரும்ப ஈயமாக்கிவிடும். மிச்சம் சாம்பல் நிறத் தூளாக மேலே வரும். அதை மெதுவாக வழித்து மூடியுள்ள தகர டப்பாவுக்குள் போடவேண்டும். தட்டக்கூடாது, ஊதக்கூடாது.

அச்சை அடுப்பின் ஓரத்தில் சூடாக்கிய பிறகும் முதல் இரண்டு மூன்று சுற்று மணிகள் சுருக்கம் விழுந்துதான் வரும். அச்சு இன்னும் குளிர் என்று அர்த்தம். அவற்றைத் திரும்பச் சட்டியில் விடலாம், ஆனால் அகப்பையில் வைத்துத் தாழ்த்தி. எறிந்தால் தெறிக்கும். அச்சு சூடேறியதும் விளிம்பு கூராக, முகம் வழுவழுப்பாக வரும். மங்கலாகப் பொரிந்து, பனி பட்டதுபோல் வந்தால் சூடு அதிகம். அச்சைக் கொஞ்சம் ஆறவிடவேண்டும். மணியின் இரண்டு பக்கமும் மெல்லிய சிறகு வந்தால் கட்டைகள் பொருந்தவில்லை, நடுவில் ஒரு ஈயத்துணுக்கு மாட்டியிருக்கும். மேல்முகம் குழிந்து வருவது இயல்பு. இறுகும்போது ஈயம் மூன்றரை வீதமளவு சுருங்கும். குழி விளிம்புக்கு மேலே சற்றுக் குமிழியாக ஊற்றினால் அது சரியாகிவிடும்.

ஆறு குழி, நானூறு மணி: ஏறக்குறைய எழுபது தடவை வார்க்கவேண்டும். சுற்று ஒன்றுக்கு இரண்டு நிமிடம் என்றால் இரண்டரை மணித்தியாலம். வார்த்த மணியைத் தண்ணீர் வாளியில் போட்டு ஆற்றும் ஆசை வரும். சட்டிக்குப் பக்கத்தில் தண்ணீர் வாளியே இருக்கக்கூடாது. காய்ந்த தடித்த துணியில் உருட்டிவிட்டால் போதும்.

கஞ்சிபோல் வந்த ஈயம்

பாதி வார்ப்பில் ஈயம் திரண்டு, கஞ்சிபோல் தடித்து, குழி நிரம்பாமல் வரத் தொடங்கியது. சூடு போதாது என்று நெருப்பைக் கூட்டினார்கள். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. காரணம் டயர் கடைக் கட்டைகள். எல்லாம் ஈயமல்ல. புதியவற்றில் பல துத்தநாகம், சில இரும்பு. முதுகில் அச்சடித்த எழுத்தைப் பார்த்துப் பிரிக்கலாம். எழுத்து அழிந்திருந்தால் வெட்டுக் குறடு வைத்து அமத்திப் பார்க்கவேண்டும்: ஈயம் என்றால் குறடு இறங்கும், துத்தநாகம் என்றால் வழுக்கும். துத்தநாகம் 419 பாகையில் உருகும். ஆகவே 400க்குக் கீழே வைத்திருந்தால் தப்பி வந்த கட்டையும் உருகாமல் மேலே மிதக்கும், வழித்து எறியலாம். இவர்கள் நெருப்பைக் கூட்டியதால் அது கலந்துவிட்டது. கலந்ததைப் பிரிக்க வீட்டில் வழியில்லை. சூட்டைக் குறைத்து, மேலே திரளும் கட்டியை வழித்து, மிச்சத்தை வேறு கட்டியாக ஊற்றி வைத்தார்கள். பழைய வலை மணியைத் தனியாக உருக்கி வேலையை முடித்தார்கள். துத்தநாகம் கலந்த இப்படியான கடின ஈயம் நெரித்துப் பூட்டும் மணிக்கு ஆகாது, வெடிக்கும். துளை வழியே கோக்கும் மணிக்குப் பரவாயில்லை.

கோக்கும் முன் ஒரு சின்ன வேலை. மணியின் துளை வாயில் நிற்கும் கூர்விளிம்பு ஒரு பருவத்துக்குள் நைலோன் கயிற்றை அறுத்துவிடும். ஆறு மில்லிமீற்றர் துளையூசியைக் கையில் பிடித்து இரண்டு வாயிலும் இரண்டு சுற்றுச் சுற்றினால் விளிம்பு மழுங்கும். விழும் துருவலைக் கடுதாசியில் பிடித்து டப்பாவுக்குள் போடவேண்டும்.

பிள்ளை

வலை நன்றாக விழுந்தது. சில வாரங்களில் மூன்று வயதுப் பிள்ளைக்கு வயிற்று வலி, மலச்சிக்கல், சாப்பாட்டில் மனமில்லை, முகம் வெளிறல். பூச்சி மருந்து கொடுத்தார்கள். கேட்கவில்லை.

ஈயநஞ்சு இப்படித்தான் வரும், வேறு ஏதோ நோய்போல் தோற்றம் காட்டிக்கொண்டு. வழமையான இரத்தப் பரிசோதனையில் ஈயம் தெரியாது. “வீட்டில் ஈயம் உருக்கினோம்” என்று வைத்தியரிடம் வாய்விட்டுச் சொன்னால்தான் தனியாக அந்தப் பரிசோதனை எழுதப்படும். இரத்தத்தில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்குரோகிராம் இருந்தாலே மூலத்தைக் கண்டுபிடித்து நிறுத்தவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டல். பிள்ளைக்கு 45ஐத் தொட்டால் ஈயத்தை வெளியேற்றும் மருந்து ஏற்ற வேண்டிவரும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் இருக்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்திடம் வைத்தியர்கள் ஆலோசனை கேட்கலாம். கை மருந்து எதுவும் இதற்கு இல்லை.

பெரியவர் விழுங்கிய ஈயத்தில் பத்தில் ஒரு பங்கைத்தான் உடல் எடுக்கும். சிறுபிள்ளையின் உடல் ஏறக்குறைய பாதியை எடுத்துக்கொள்ளும். இரும்புச்சத்தும் கல்சியமும் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூட. அதனால்தான் வார்த்தவருக்கு ஒன்றும் இல்லாமல் பிள்ளை படுக்கிறது.

வழி எது என்று தேடினால் வீடு முழுக்க வழிதான். கசடைத் தட்டிய இடம் தாழ்வாரம், அதே இடத்தில்தான் அம்மம்மா நெல் காயப் பாய் விரிப்பார். வார்த்தவர் அதே உடுப்போடு வந்து பிள்ளையைத் தூக்கினார். கோழிகள் அந்த மண்ணைக் கிளறின. மிஞ்சிய மணிகள் சிரட்டையில் திண்ணையில் இருந்தன, பிள்ளைக்கு அவை விளையாட்டுச் சாமான். இதில் பலரும் மறைக்கும் ஒன்றும் உண்டு: மணியைப் பல்லால் கடித்து நெரிக்கும் பழக்கம். கரையில் அநேகமாக எல்லோரும் செய்வது. அது நேரே வாய்க்குள் போடும் ஈயம். பிள்ளை ஒரு மணியை விழுங்கிவிட்டால் மலத்தோடு போகும் என்று காத்திருக்கக்கூடாது. வயிற்று அமிலம் அதைக் கரைக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்க்கவேண்டும்.

வளவைத் துப்புரவாக்கியது

வேலை நடக்கும்போது எதிரியாக இருந்த தண்ணீர், எல்லாம் ஆறிய பிறகு துணைக்கு வருகிறது. காய்ந்த விளக்குமாற்றால் கூட்டினால் தூசி எழும்பும். ஆகவே முதலில் நனைத்து, ஈரத் துணியால் துடைத்து, துணியையும் கசடு டப்பாவோடு கட்டவேண்டும். தாழ்வாரத்து மண் நாலு விரல் ஆழத்துக்கு நனைத்து வெட்டி எடுக்கப்பட்டு, தடித்த பைகளில் கட்டி, கிணற்றுக்கும் தோட்டத்துக்கும் எட்டாத இடத்தில் மூடி வைக்கப்பட்டது. மேலே புதுக் கிரவல் கொட்டப்பட்டது. வார்ப்பு உடுப்பு தனி வாளியில் தோய்க்கப்படுகிறது, பிள்ளையின் உடுப்போடு சேராது. வார்த்த கையோடு சாப்பாடு, வெற்றிலை, பீடி கிடையாது. சவர்க்காரம் போட்டுக் கைமுகம் கழுவி, குளித்து, உடுப்பு மாற்றிய பிறகுதான் வீட்டுக்குள்.

அடுத்த வார்ப்பு வீட்டிலிருந்து விலகிய வெட்டையில், தகரம் விரித்து. கசடு டப்பாவில் “நஞ்சு” என்று எழுதிப் பூட்டி, நிரம்பியதும் பழைய ஈயம் வாங்குபவரிடம் எடைக்குக் கொடுக்கவேண்டும். அதில் பெரும்பகுதி இன்னும் ஈயம்தான், காசு வரும்.

முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களில் வீசுகிறவர் இன்னொன்றையும் யோசிக்கலாம். கழன்று விழும் சிறு ஈயத்தை நீர்ப்பறவைகள் கல்லென்று விழுங்கி இறக்கின்றன. இங்கிலாந்தில் தூண்டில்காரரின் சிறு ஈயக் குண்டுகளை 1987இல் தடைசெய்தது இதற்காகத்தான். ஆழமில்லாத குளத்துக்கு மெல்லிய இரும்புச் சங்கிலியை விளிம்பில் கட்டி வீசுபவர்கள் இருக்கிறார்கள். ஈயத்தைவிட மெதுவாக இறங்கும், ஜப்பான் மீனுக்கு (திலாப்பியா) அது போதும். உப்புத் தண்ணீரில் மட்டும் சங்கிலி சீக்கிரம் கறல் தின்றுவிடும், களப்பில் அது எடுபடாது.